அலமேலுவுக்கு நான் கொடுக்காத தண்ணீர்

அலமேலுவைப் பள்ளியை விட்டு விரட்டியவள் நான்.

வேறு எவரும் இல்லை. அவள் அப்பா இல்லை, அம்மா இல்லை, வறுமை இல்லை, மலைப்பாதையின் தூரம் இல்லை. நான்! "குடும்பத்தோடு கேரளாவுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள்... பாவம், நன்றாகப் படிக்கக்கூடிய பிள்ளை" என்று, விசாரித்தவர்களிடமெல்லாம் உச்சுக்கொட்டிச் சொன்னேன். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியை இத்தனை ஆண்டுகளாக எனக்குள்ளேயே பூட்டி வைத்திருக்கிறேன். இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன். உங்களுக்கு என்னைத் தெரியாது. அது எனக்கு வசதியாக இருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எந்தப் பிள்ளையையும் அடித்ததில்லை. பிரம்பைக் கையால் தொட்டதில்லை. காதைத் திருகியதில்லை, முட்டி போட வைத்ததில்லை. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். இப்போதும் பாருங்கள்... குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்த இடத்திலும் அந்தப் பெருமையைத்தான் முதலில் எடுத்து வைக்கிறேன்!

நான் போளூரில் பிறந்து வளர்ந்தவள். ஜவ்வாது மலை எனக்கு மொட்டைமாடியிலிருந்து தெரியும் ஒரு நீலக் கோடு, அவ்வளவுதான். அந்தக் கோட்டின் மேல் ஓர் அரசுப் பள்ளியில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. பள்ளியின் பெயர் வேண்டாம். அப்பா தெருவெல்லாம் இனிப்புக் கொடுத்தார். அம்மா புதுப் புடவைகளை அடுக்கி வைத்தாள். நானோ, அறிவியலை எப்படியெல்லாம் விளையாட்டாகச் சொல்லிக் கொடுக்கலாம் என்று கனவு கண்டுகொண்டு, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தபடி மலையேறினேன்.

எட்டாம் வகுப்பை என் தலையில் கட்டினார்கள்.

அதை வகுப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும், ஆடு ஓட்டும் சீழ்க்கை ஒரு மூலையிலிருந்து கிளம்பும். இன்னொரு மூலையில் ஆடே கத்தும். சீத்தாப்பழக் காலத்தில் கொட்டைகள் பறந்து வந்து கரும்பலகையில் 'டப் டப்' என்று விழும். மழை வந்தால் சன்னல் வழியே குதித்து ஓடிப் பார்த்துவிட்டு, நனைந்த தலையோடு அதே சன்னல் வழியே திரும்பி வருவார்கள். பலாப்பழக் காலத்தில் பாதிப் பேர் வரவே மாட்டார்கள். "ஏன் வரவில்லை?" என்று கேட்டால், "பழம் பழுத்துடுச்சி டீச்சர்" என்பார்கள். அதற்கு மேல் ஒரு காரணம் எதற்கு என்று அவர்களுக்கு உண்மையாகவே புரியாது!

அலமேலு அந்தக் கூட்டத்தின் நடுவில் இருந்தாள். கெட்ட பிள்ளை இல்லை. ஆனால் அவளுக்கு ஒரு சிரிப்பு இருந்தது. முதலில் மூக்கால் ஒரு சிறு சத்தம் வரும். அடக்கப் பார்ப்பாள், முடியாது. பிறகு அவள் வெடித்தால் மொத்த வகுப்பும் வெடிக்கும். அப்புறம் அந்தப் பாடவேளை அவ்வளவுதான். நான் என் குரல் கிழியக் கத்துவேன். என் கத்தலைக் கண்டு இன்னும் சிரிப்பார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பேருந்துக்கு நின்றுகொண்டிருந்த என்னிடம் ஓடிவந்து, கை நிறைய நாரத்தை இலைகளைக் கொடுத்தாள். "கசக்கி மோந்துக்கினே போங்க டீச்சர், வாந்தி வராது" என்றாள். அன்று எனக்கு வாந்தி வரவில்லை. நன்றி சொன்னேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். சொன்னதாக நினைவில்லை.

அந்த நாட்களில் நான் அழுவேன். சத்துணவு அரிசி மூட்டைகள் அடுக்கியிருக்கும் அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுவேன். அந்தக் கதவில் ஒரு விரிசல் இருந்ததையும், அதில் கண்கள் இருந்ததையும் நான் பின்னால்தான் அறிந்தேன்.

தலைமையாசிரியர் ஒரு நாள் அழைத்தார்.

"இன்னாம்மா, உன் கிளாஸ் சத்தம் பஸ் ஸ்டாப் வரைக்கும் கேக்குது. புள்ளைங்கள கட்டுப்படுத்த முடியலன்னா எழுதிக் குடுத்துட்டு கீழ போயிடு. தகுதிகாண் பருவம் இன்னும் முடியலன்றத மறந்துடாத."

எங்கள் வேலையில் அது ஒரு சோதனைக் காலம். அது முடிந்து, அவர் திருப்தி என்று எழுதினால்தான் வேலை நிலைக்கும். தெருவெல்லாம் இனிப்புக் கொடுத்த அப்பாவின் முகம் என் கண்முன் வந்து நின்றது. வகுப்பை அடக்க வேண்டும்... எப்படியாவது! அந்த 'எப்படியாவது' என்ற சொல் என் மனத்தில் புகுந்தது அன்றுதான்.

சாமை அறுவடையின்போது பிள்ளைகள் யாரும் பள்ளிக்கு வரவில்லை. அவர்களை அழைத்து வரலாம் என்று, மூத்த ஆசிரியை கலாவதி டீச்சரோடு அலமேலுவின் ஊருக்குப் போனேன். ஊரே களத்தில் இருந்தது. பெரியவர்கள் கதிர் அடித்துக்கொண்டிருக்க, என் வகுப்புப் போக்கிரிகள் வைக்கோலில் புரண்டு கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்போது களத்தை ஒட்டிய பாதையில் ஒரு மனிதர் தன் மனைவியோடு வந்தார்.

சட்டென்று எல்லாம் நின்றது. பேச்சு நின்றது, சிரிப்பு நின்றது. எவரும் தலை நிமிரவில்லை. பிள்ளைகள் கூட முதுகைத் திருப்பிக்கொண்டு அசையாமல் நின்றார்கள். அந்த இருவரும் தரையைப் பார்த்தபடி கடந்து போனார்கள். அவர்கள் மறைந்ததும் களத்தில் பழைய சத்தம் திரும்பி வந்தது.

"என்ன டீச்சர் இது?" என்றேன்.

"ஒதுக்கி வெச்சிருக்காங்கம்மா. ஏதோ பஞ்சாயத்துல கட்டுப்படல போல. ஊர்ல யாரும் பேச மாட்டாங்க, நெருப்பு தண்ணி குடுக்க மாட்டாங்க. இப்பல்லாம் அவ்வளவா இல்ல, எங்கயாச்சும் ஒண்ணுதான்."

"எத்தனை நாளைக்கு?"

"ஊரு திரும்ப சேத்துக்கிற வரைக்கும்."

எப்படிச் சேர்த்துக்கொள்வார்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என் கண் அந்தப் பிள்ளைகள் மீதே இருந்தது. கண்ணிமைக்கும் நேரம்கூட என்னால் அடக்க முடியாத பிள்ளைகள், எவரும் அதட்டாமல், எவரும் அடிக்காமல் கப்சிப்பென்று நின்றார்களே! படித்தவள் நான், அந்த மனிதருக்காக என் மனம் வலித்திருக்க வேண்டும். உண்மையைச் சொல்கிறேன். எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்த மௌனம் எனக்கு வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

திங்கட்கிழமை வகுப்பில் சொன்னேன்: "இனிமேல் நம் வகுப்பு ஓர் ஊர். நீங்களே பெரியவர்களைத் தேர்ந்தெடுங்கள். சத்தம் போட்டு ஊரைக் கெடுப்பவர்களைச் சாயங்காலம் வரை ஒதுக்கி வைப்போம். யாரும் அவர்களோடு பேசக்கூடாது, அவர்களும் பேசக்கூடாது, சேர்ந்து உட்காரக்கூடாது."

பிள்ளைகளுக்கு ஒரே உற்சாகம். வேடியப்பனைத் தேர்ந்தெடுத்தார்கள். அவன் அலமேலுவின் ஊர்ப் பையன். பார்க்கத்தான் விளையாட்டுப்பிள்ளை, ஒன்றை ஏற்றுக்கொண்டால் உயிரைக் கொடுத்துச் செய்வான். பெயரை மட்டும் நான் சொல்வேன். மற்றதை அவன் பார்த்துக்கொள்வான்.

நம்ப மாட்டீர்கள்... சில நாட்களிலேயே வகுப்பு அடங்கியது! ஆட்டின் கத்தல் ஓய்ந்தது. சன்னல் சன்னலாக மட்டும் இருந்தது. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி முழுப் படத்தையும் வரைந்து பாகங்களைக் குறித்துவிட்டுத் திரும்பினால், எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேவையே இல்லாமல் இன்னொரு படத்தையும் வரைந்தேன். மகிழ்ச்சியில்தான்!

மாலை மணி அடித்ததும், அன்று ஒதுக்கப்பட்டிருந்தவனுக்கு வேடியப்பன் தன் பாட்டிலிலிருந்து ஒரு வாய் தண்ணீர் கொடுப்பான். அவன் குடிப்பான். அடுத்த நிமிடம் இருவரும் தோளில் கை போட்டுக்கொண்டு ஓடுவார்கள். நான் பார்த்திருக்கிறேன். பலமுறை பார்த்திருக்கிறேன். தாகமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

தலைமையாசிரியர் என்னை எல்லோர் முன்னிலையிலும் பாராட்டினார். ஜமுனாமரத்தூரில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். 'மாணவர் சுயாட்சி முறை' என்று அதற்கொரு பெயரும் சூட்டிப் பேசினேன். கைதட்டினார்கள். 'ஒதுக்கி வைப்பது' என்ற சொல்லை மட்டும் கவனமாக விட்டுவிட்டேன். ஏன் விட்டேன்? அது தவறு என்று அப்போதே எனக்குத் தெரிந்திருக்கிறது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளும் வழியைக்கூட நானே அடைத்துவிட்டேன்.

பொங்கல் விடுமுறைக்கு முந்தைய நாள் ஓர் அதிகாரி பள்ளியைப் பார்க்க வந்தார். நல்ல மனிதர், சிரித்த முகம். என் வகுப்பின் அமைதியைப் பார்த்து வியந்து போனார். முன்வரிசையில் இருந்த அலமேலுவிடம் குனிந்து, "உங்க டீச்சர் எப்படிம்மா? நல்லா நடத்தறாங்களா?" என்று கேட்டார்.

"நல்ல டீச்சர் சார்" என்றாள் அலமேலு. பிறகு, இன்னும் நல்லதாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று யோசித்தாள் போலிருக்கிறது. "முன்னெல்லாம் அரிசி ரூம்ல போயி அழுவாங்க சார். இப்ப அழுவறதில்ல."

"அப்படியா! இப்ப ஏன் அழறதில்ல?"

"இப்பதான் நாங்க பேசறதில்லயே சார்!"

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். தலைமையாசிரியர் அவரைவிட உரக்கச் சிரித்தார். வகுப்பும் சிரித்தது. நானும் சிரித்தேன். என் காது மடல்கள் எரிந்துகொண்டிருந்தன.

அவள் அதை அன்பாகத்தான் சொன்னாள். எனக்கு அது தெரியும். அந்த நிமிடமே தெரியும். "எங்கள் டீச்சர் இனி அழ வேண்டாம்" என்பதில் அவளுக்கு அவ்வளவு நிம்மதி! அது தெரிந்தும்தான் செய்தேன்.

அதிகாரியின் வண்டி கிளம்பிய ஓசை கேட்டதும் வகுப்புக்குள் வந்து சொன்னேன்: "அலமேலுவை ஒதுக்கி வைக்கிறோம். நான் சொல்லும் வரைக்கும்."

வேடியப்பன் எழுந்தான். "சாயங்காலம் வரைக்கும்தானே டீச்சர்?"

"நான் சொல்ற வரைக்கும்னு சொன்னேன்."

அலமேலுவுக்கு அது வேடிக்கை என்று தோன்றியிருக்க வேண்டும். மூக்கால் அந்தச் சிறு சத்தம் வந்தது. சுற்றிலும் பார்த்தாள். எவரும் சேர்ந்துகொள்ளவில்லை. அவள் சிரிப்பு பாதியில் நின்றது. அன்று மாலை வேடியப்பன் தண்ணீர்ப் பாட்டிலைத் திறக்கவில்லை. மறுநாளிலிருந்து விடுமுறை.

போளூரில் கரும்பு கடித்தேன், சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போனேன், புதுப் புடவை கட்டினேன். விடுமுறையின் பரபரப்பில் அவளை மறந்துவிட்டேன் என்று நெடுங்காலம் எனக்கு நானே சொல்லி வந்தேன். பொய்! நான் மறக்கவில்லை. பொங்கலன்று காலையில், பானை பொங்கி எல்லோரும் குரல் எழுப்பியபோது, அவள் ஞாபகம் வந்தது. 'கொஞ்சம் அனுபவிக்கட்டும்' என்று நினைத்தேன். எட்டாவது படிக்கும் ஒரு பிள்ளையைப் பற்றி! அப்படி நினைத்துவிட்டுத்தான் தட்டில் பொங்கலை வாங்கிக்கொண்டேன்.

விடுமுறை முடிந்து திரும்பினேன். ஒரு முழுப் பெஞ்சில் அலமேலு தனியாக உட்கார்ந்திருந்தாள். சத்துணவு வரிசையில் அவளுக்கு முன்னும் பின்னும் இடைவெளி இருந்தது. வேடிக்கை எல்லாம் போய், முகம் ஒடுங்கியிருந்தது. நான் வகுப்புக்குள் நுழையும்போதெல்லாம் என்னையே பார்ப்பாள். இன்றைக்குச் சொல்வாளா, இன்றைக்குச் சொல்வாளா என்று பார்ப்பாள். வருகைப் பதிவு எடுக்கும்போது "உள்ளேன் டீச்சர்" என்பாள். அந்தப் பள்ளியில் நாள் முழுக்க அவள் பேச வாய்த்தது அவ்வளவுதான். நான் அடுத்த பெயரைக் கூப்பிடுவேன்.

வேடியப்பன் ஒரு மதியம் தனியாக வந்து நின்றான்.

"டீச்சர், அலமேலுவ சேத்துக்கலாமா?"

"ஏன், உனக்கென்ன அவசரம்?"

"ஊர்ல கூட நாங்க யாரும் அதுங்கூட பேசறதில்ல டீச்சர். ஆடு ஓட்டிக்கினு தனியாதான் போவுது. பெரியவங்கல்லாம் இன்னாடா ஆச்சின்னு கேக்கறாங்க."

ஊருக்கும் கொண்டுபோய்விட்டார்களா! நான் விளையாட்டாக எடுத்துக்கொண்டதை அவர்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவே இல்லை. "நீங்கள் என்ன சொன்னீர்கள்?" என்றேன்.

"டீச்சர் ஒதுக்கிட்டாங்கன்னு சொன்னோம். எதுக்குன்னு கேட்டாங்க. எங்களுக்குத் தெரியல டீச்சர். எதுக்கு?"

நான் வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன்.

"உங்க கையால ஒரு வாய் தண்ணி குடுத்துட்டீங்கன்னா போதும் டீச்சர். மத்தவங்கள ஒதுக்கி வெச்சது நானு, நான் குடுத்தேன். அலமேலுவ நீங்க ஒதுக்குனீங்க, ஒதுக்கனவங்கதான் குடுக்கணும். அப்பறம் யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. எங்க ஊர்ல அப்பிடித்தான்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அந்த மாலைத் தண்ணீர் எதற்கு என்று. அவர்கள் வழக்கத்தில் வெளியே அனுப்பவும் ஒரு வழி இருந்தது, உள்ளே அழைக்கவும் ஒரு வழி இருந்தது. நான் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருந்தேன்.

பருவம் எட்டும் வயதில் ஒரு பெண்பிள்ளை. அவளை ஆசிரியை ஒதுக்கி வைத்திருக்கிறாள். காரணம் ஒருவருக்கும் தெரியாது. காரணம் தெரியாத இடத்தில் ஊர் என்னவெல்லாம் போட்டு நிரப்பும் என்று எனக்குத் தெரியாதா? எங்கள் போளூர்த் தெரு மட்டும் என்ன வாழ்ந்தது! எல்லாம் தெரிந்தும், "பார்க்கலாம், போ" என்றேன்.

ஏன்? நீங்கள் கேட்காவிட்டாலும் நான் கேட்டுக்கொள்கிறேன். ஒரு வாய் தண்ணீர்... அதில் எனக்கு என்ன குறைந்துவிடும்? மொத்த வகுப்பும் பார்க்க, நாற்காலியிலிருந்து எழுந்து அவளிடம் நான் போக வேண்டும். என்னை அழுமூஞ்சி என்று ஊரறியச் சொன்னவளிடம்! அதுவும்கூட முழுக் காரணம் இல்லை. அவள் சேர்ந்துவிட்டால் அந்தச் சிரிப்பு திரும்ப வரும். சிரிப்பு வந்தால் சத்தம் வரும். சத்தம் வந்தால் நான் மறுபடியும் அரிசி அறைக்குள் போக வேண்டும். ஒரு சிறுமியின் சிரிப்புக்கு நான் பயந்தேன். இதுதான் உண்மை.

சில நாள் கழித்து அவள் அம்மா வந்தாள்.

பூங்காவனம் என்று பெயர். தலைமையாசிரியர் அறை வாசலில், மகளைப் பின்னால் நிறுத்திக்கொண்டு நின்றாள். கையில் ஒரு சொம்பு. என்னை அழைத்தார்கள்.

"எம் பொண்ணு இன்னா தப்பு பண்ணிச்சி டீச்சர்? சொல்லுங்க. தப்புன்னா நானே கண்டிக்கறேன். இதக் கேட்டா வாயே தொறக்க மாட்டேங்குது. ஊர்ல ஆளுக்கொண்ணு பேசறாங்க. யாரோ பையனோட பாத்தாங்கன்றாங்க, எதையோ திருடிடுச்சின்றாங்க. மாமன் வூட்லயே ஒரு மாதிரி பாக்கறாங்க."

தலைமையாசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இன்னாம்மா இது? புள்ளய ஒதுக்கி வெச்சியா? ஸ்கூல்லயா? மேல தெரிஞ்சா இன்னா ஆவும் தெரியுமா உனக்கு?"

என் வேலை என் கண்முன் ஆடியது. "ஐயோ, இல்ல சார்!" என்றேன். எவ்வளவு இயல்பாக வந்தது தெரியுமா அந்தக் குரல்? "நான் எதுக்கு சார் அப்படிப் பண்ணப் போறேன்? பசங்க அவங்களுக்குள்ள ஏதோ விளையாடறாங்க."

அலமேலு தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

ஒரு சொல் போதும் அவளுக்கு. "இல்ல சார், டீச்சர்தான்" என்று ஒரு சொல்! வகுப்பையே சாட்சிக்கு அழைத்திருக்கலாம். அவள் வாயைத் திறக்கவில்லை. ஒதுக்கப்பட்டவள் பேசக்கூடாது என்று நான் போட்ட விதியை, என் பொய்யைக் காப்பாற்றுவதற்காக அந்தப் பிள்ளை அங்கேயும் கடைப்பிடித்தாள். அல்லது, பொய் சொல்கிற ஆளிடம் என்ன பேசுவது என்று இருந்தாளோ... தெரியவில்லை. அந்தப் பார்வையை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். இன்னும் எனக்கு அது விளங்கவில்லை.

பூங்காவனம் என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சொம்பை நீட்டினாள். குழாயில் பிடித்து வந்த தண்ணீர், தளும்பத் தளும்ப இருந்தது.

"சரிங்க டீச்சர். விளையாட்டாவே இருக்கட்டும். உங்க கையால இத ஒரு வாய் அதுக்குக் குடுத்துடுங்க. புள்ளைங்க பாக்கட்டும். எனக்கு அது போதுங்க."

தலைமையாசிரியர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வராந்தாவில் பிள்ளைகளின் முகங்கள் எட்டிப் பார்த்தன. அந்தச் சொம்பை வாங்கினால், ஒதுக்கியது நான்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். வாங்காவிட்டால்... வாங்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும்.

"இந்த மூடப்பழக்கமெல்லாம் பள்ளிக்கூடத்துல வேணாம்மா" என்றேன். "பொண்ணு நல்லாத்தான் இருக்கா. கிளாஸுக்கு அனுப்புங்க."

மூடப்பழக்கம்! அவர்கள் ஊரிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு வந்து வகுப்பில் வைத்தவள் நான். அதற்குப் பெயர் சூட்டிக் கைதட்டல் வாங்கியவள் நான். அந்தச் சொல்லை அவள் முகத்தில் எறியும்போது என் நாக்கு கூசவில்லை.

பூங்காவனம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு எளிதாக இருந்திருக்கும். தண்ணீரைத் தரையில் கொட்ட மனம் வரவில்லை போலும், வாசலில் இருந்த செம்பருத்திச் செடிக்கு ஊற்றினாள். "போய்ட்டு வர்றேங்க" என்று தலைமையாசிரியரிடம் மட்டும் சொல்லிவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அதற்குப் பிறகு அலமேலு பள்ளிக்கு வரவில்லை.

மாமன் குடும்பத்தோடு கேரளாவுக்கு மிளகு பறிக்க அனுப்பிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். வருந்திய முகத்தோடு தலைமையாசிரியரிடம் நான்தான் போய்ச் சொன்னேன். "இவங்கள திருத்த முடியாதும்மா" என்றார் அவர். நான் தலையாட்டினேன்.

தலையாட்டினேன்!

ஒருமுறை அந்த ஊருக்குப் போனேன். அவர்கள் வீடு பூட்டியிருந்தது. பூங்காவனம் காட்டு வேலைக்குப் போயிருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண் எனக்கு மோர் கொடுத்து உபசரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தப் பொண்ணு அப்பிடி இன்னாதாங்க டீச்சர் பண்ணிச்சி?" என்று கேட்டாள். "ஒன்றும் செய்யவில்லை, நல்ல பெண்" என்றேன். அவள் நம்பவில்லை. டீச்சர் பெருந்தன்மையாக மறைக்கிறாள் என்றே எடுத்துக்கொண்டாள். ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்க வேண்டியதை ஒருத்தியின் காதில் முணுமுணுத்துவிட்டு, கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடினேன்.

கேரளாவிலேயே யாருக்கோ அவளைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. அப்போது அவளுக்கு என்ன வயது இருக்கும் என்று கணக்குப் போட எனக்குத் துணிவு வரவில்லை. இன்றுவரை போடவில்லை.

வகுப்பில் அந்த ஊர் விளையாட்டை நான் உடனே நிறுத்திவிட்டேன். நிறுத்தி என்ன? சத்தம் திரும்பவில்லை. வேடியப்பன் அதற்கப்புறம் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னான். அடுத்தடுத்து வந்த பிள்ளைகளுக்கும் ஏதோ காற்றில் தெரிந்துவிடுகிறது. என் வகுப்பில் குண்டூசி விழுந்தால் கேட்கும். என் வேலை நிரந்தரமானது. புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியைகள், கண் சிவக்க அழுதுவிட்டு வந்து, "அடிக்காமலேயே எப்படி டீச்சர் உங்களால் முடிகிறது?" என்று கேட்கிறார்கள். "அன்பாக இருந்தால் போதும்" என்கிறேன். ஆம், அப்படித்தான் சொல்கிறேன்.

இந்த ஆண்டு ஆறாம் வகுப்பில் ஜெயந்தி என்றொரு பெண் சேர்ந்திருக்கிறாள். முதல் நாள் அவள் முகத்தைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. அலமேலுவின் தங்கை. பாடம் கேட்பாள், எழுதுவாள், கேட்டால் பதில் சொல்வாள். மற்றபடி என்னிடம் ஒரு சொல் பேசியதில்லை. நானும் பேசவில்லை.

போன வாரம், பாடத்தை முடித்துவிட்டுப் பழக்கதோஷத்தில், "யாருக்காவது ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டேன். வழக்கமாக யாரும் கை தூக்குவதில்லை.

ஜெயந்தி எழுந்தாள்.

"எங்க அக்காவ எதுக்கு டீச்சர் ஒதுக்குனீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. விடை வராத கணக்கைக் கேட்பது போலக் கேட்டாள். "எங்கம்மா இன்னும் கேட்டுக்கினேதான் கீது" என்றாள்.

எல்லாப் பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். நான் சொன்னால் அன்று மாலையே ஊருக்குப் போய்ச் சேரும்.

விடை என்னிடம் இருந்தது. பல ஆண்டுகளாக இருக்கிறது. 'உன் அக்கா ஒரு தப்பும் செய்யவில்லை. நான் அழுததைச் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது.' குளிக்கும்போது சொல்லிப் பார்த்திருக்கிறேன். மலைப்பாதையில் பேருந்து வளையும்போதெல்லாம் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். உங்களிடம் இப்போது எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டேன், பாருங்கள்!

வாயைத் திறந்தேன்.

"பாடத்துல சந்தேகம் இருந்தா மட்டும் கேளு" என்றேன். "உக்காரு."

அவள் உட்கார்ந்தாள்.